படகுக் கிளப்பில் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை: உறுப்பினர்களை எப்படி உள்ளே இழுப்பது?

ஏரிப்படகு (இங்கிலாந்து, மிட்லண்ட்ஸ்)

அனைவருக்கும் வணக்கம். குடிநீர் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான நீர்த்தேக்கத்தில் இயங்கும் ஒரு சிறிய பாய்மரப் படகுக் கிளப்பில் நான் ஏழு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நான் தேநீர் ஊற்றிக்கொள்ள எழுந்து போயிருந்த இரண்டு நிமிடத்தில், பணி ஒருங்கிணைப்பாளர் பொறுப்புக்கு என் பெயரை முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதட்டியும் முடித்துவிட்டார்கள். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஆள் தேடுவதே என் வேலையாகிவிட்டது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பந்தய நாளுக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும்: பந்தய அதிகாரி ஒருவர், அவருக்கு உதவியாளர் ஒருவர், பாதுகாப்புப் படகில் இருவர். ஆண்டுக்கு நாற்பது ஞாயிற்றுக்கிழமைகளும் கோடையில் இருபது புதன்கிழமை மாலைகளும் பந்தயம் நடக்கிறது. ஆக மொத்தம் 240 முறைகள். எங்களிடம் வயதுவந்த உறுப்பினர்கள் 120 பேர் இருக்கிறார்கள்; ஆளுக்கு இரண்டு முறை என்றால் கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் சென்ற ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த 240-இல் 190 முறைகளை 22 பேர் மட்டுமே செய்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். எங்கள் கொமடோர், அதாவது கிளப்பின் தலைவர், முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்த ஆறாவது வாரமே, பந்தயத்தைக் கொடி காட்டி நடத்தும் பந்தயக் கூண்டில் ஊன்றுகோலோடு ஏறி நின்றார். அதைப் பார்த்து எனக்குப் பெருமை வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது.

எல்லா உறுப்பினர்களுக்கும் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் மின்னஞ்சலுக்கு இரண்டு பேர் பதில் எழுதினார்கள். இருவருமே அந்த 22 பேரில் உள்ளவர்கள். மற்ற இரண்டுக்கும் பதிலே இல்லை.

செயற்குழுவில் இப்போது இரண்டு யோசனைகள் உள்ளன. பந்தய நாள் வேலையை முறை வைத்துச் செய்யும் இந்த முறைப்பணியைக் கட்டாயமாக்கி, வராதவர்களிடம் ஒவ்வொரு முறைக்கும் நாற்பது பவுண்டு வசூலிப்பது ஒன்று. சந்தாவை உயர்த்திச் சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்துவது மற்றொன்று. இரண்டுமே எனக்கு நெருடலாக உள்ளன. என் மகள் சனிக்கிழமை தோறும் செல்லும் தமிழ்ப் பள்ளியும் முழுக்கத் தன்னார்வலர்களால்தான் நடக்கிறது. அங்கே ஆண்டு விழாவுக்கு நாற்காலி அடுக்கக்கூட ஆட்கள் போட்டி போடுகிறார்கள். அதே மனிதர்கள் கிளப்பில் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஏதேனும் ஒரு கிளப்பில் இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் அனுபவத்தைப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

---

பழைய சுக்கான் (இங்கிலாந்து, தென்கடற்கரை)

வணக்கம் தம்பி. உங்கள் உறுப்பினர்களைச் சோம்பேறிகள் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்காகவே இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளாக நான் கண்டவரை, முறைப்பணிக்கு வராதவர்களில் பெரும்பாலோரைத் தடுப்பது சோம்பல் அன்று, பயம். நாலு பேர் பார்க்கத் தவறு செய்துவிடுவோமோ என்ற பயம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் வருகிறார்கள்" என்றுதான் சொல்வார்கள்.

என் கதையையே சொல்கிறேன். நான் கிளப்பில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், உதவியாளர் வராத ஒரு நாளில், என்னைத் தனியாகப் பந்தயக் கூண்டில் நிறுத்தினார்கள். தொடக்க முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஐந்து நிமிடத்துக்கு முன், போட்டியிடும் படகு வகையைக் குறிக்கும் வகுப்புக் கொடி ஏறும், நான்கில் நீலப் பின்னணியில் வெள்ளைச் சதுரம் உள்ள ஆயத்தக் கொடி ஏறும், ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும், சுழியத்தில் வகுப்புக் கொடியும் இறங்கப் பந்தயம் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஹூட்டர் ஒலிக்க வேண்டும். எழுதிப் பார்த்தால் குழந்தை விளையாட்டு. அன்றைக்கு நான் ஆயத்தக் கொடியை ஒரு நிமிடத்தில் இறக்குவதற்குப் பதில் இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட்டேன். பதினான்கு படகுகளிலிருந்தும் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் கூண்டை நோக்கித் திரும்பியது இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒருவர் கத்தவும் செய்தார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் முறைப்பட்டியலில் என் பெயர் வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஒரு "விருந்தினர்" வந்துகொண்டே இருந்தார்.

என்னைத் திரும்ப அழைத்து வந்தவர் ஒரு மூதாட்டி. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். தவறு நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிக்கொடுத்தார். தொடங்குவதற்கு முன் குழப்பம் வந்தால், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒத்திவைப்புக் கொடியை ஏற்றி இரண்டு முறை ஹூட்டரை அடித்துவிட்டு, நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். தொடங்கிய கணத்தில்தான் தவறு தெரிகிறது என்றால், பொது மீளழைப்புக் கொடியை ஏற்றி எல்லாப் படகுகளையும் திரும்ப அழைக்கலாம். தொடக்க முறையில் பிழை நேர்ந்தாலும் அவ்வாறு செய்ய விதியிலேயே இடம் இருக்கிறது. "நீ எதைச் சொதப்பினாலும் அதற்கு ஒரு கொடி இருக்கிறது" என்றார். எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குத் தராத தைரியத்தை அந்தச் சொல் தந்தது.

ஆகவே எல்லோருக்கும் அனுப்பும் மின்னஞ்சலை நிறுத்துங்கள். எல்லோரையும் கேட்பது யாரையும் கேட்காததற்குச் சமம். ஒவ்வொருவரும் மற்ற 119 பேரை நினைத்துக்கொண்டு அடுத்த மடலுக்குப் போய்விடுவார்கள். ஒருவரைப் பெயர் சொல்லி, நேரிலோ தொலைபேசியிலோ அழைத்து, இன்ன நாள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இன்னாரோடு சேர்ந்து, இந்த வேலை என்று கேளுங்கள். "பாதுகாப்புப் படகுக்கு ஆள் வேண்டும்" என்பதற்கும், "வருகிற 12-ஆம் தேதி பத்து மணிக்கு வந்து, என்னோடு படகில் ஏறி மிதவைகளைப் போட உதவுவீர்களா, ஒரு மணிக்குள் கரைக்கு வந்துவிடலாம்" என்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. முதலாவதைக் கேட்டவர் தன்னிடம் இல்லாத தகுதியை எண்ணிப் பின்வாங்குவார். இரண்டாவதைக் கேட்டவர் தன் நாட்காட்டியைத்தான் பார்ப்பார்.

இன்னொரு நடைமுறைச் செய்தி. தொடர் பந்தயங்களில் புள்ளி எண்ணுபவர்கள் முறைப்பணியைத் தவிர்ப்பதற்குக் காரணம் எளிமையானது: அன்று போட்டியிட முடியாததால் புள்ளி போய்விடும். முறைப்பணியில் இருந்தவருக்கு அந்தத் தொடரில் அவருடைய மற்றப் பந்தயங்களின் சராசரிப் புள்ளியைத் தருவதாக உங்கள் கிளப்பின் பந்தயக் குறிப்புகளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பல கிளப்புகளில் இது வழக்கத்தில் உள்ளது. இதற்குச் செலவு ஒரு பென்னிகூட இல்லை. எங்கள் கிளப்பின் பெரிய பந்தயக்காரர்கள், வானிலை அறிக்கையில் காற்றே இல்லாத நாளாகப் பார்த்து முறைப்பணி கேட்டு வாங்கத் தொடங்கியது இதன் பக்கவிளைவு. இருந்துவிட்டுப் போகட்டும், ஆள் வந்தால் சரி.

---

வாடைக்காற்று (இங்கிலாந்து)

பழைய சுக்கான் ஐயா சொன்ன பயத்தோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். அது யாரைக் கேட்கிறோம் என்பது.

எங்கள் மகன் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்மரப் படகை ஓட்டப் பழகத் தொடங்கியபோது, கணவரும் நானும் குடும்ப உறுப்பினராகச் சேர்ந்தோம். விண்ணப்பப் படிவத்தில் "எந்தப் பணிகளில் உதவ இயலும்?" என்று ஒரு கேள்வி இருந்தது. நான் எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டேன். அடுத்த மூன்று ஆண்டுகள் என்னைச் சமையற்கட்டில் மட்டுமே போட்டார்கள். கணவருக்கு நீச்சல் தெரியாது, படகு என்றாலே தலைசுற்றல். அவரைப் பாதுகாப்புப் படகுக்குப் போட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் சொல்லவில்லை. பட்டியல் தயாரித்தவர் படிவங்களைப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். ஆனால் பேக்கன் ரொட்டி வாட்டிக்கொண்டே சன்னல் வழியாக நீரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று ஆண்டுகளில், நான் இந்தக் கிளப்பின் உறுப்பினர் என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

பிறகு புதிதாக வந்த ஒரு பயிற்றுநர்தான், "நீங்கள் மோட்டார் படகு ஓட்டப் பழகினால் என்ன?" என்று கேட்டார். ராயல் யாட்டிங் அசோசியேஷனின் பவர்போட் இரண்டாம் நிலைப் பயிற்சி இரண்டே நாள்தான். கிளப் பாதிக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. முதல் நாள் காலையில் இயந்திரத்தை இயக்கும் முன், கில் கார்டு எனப்படும் சிவப்புச் சுருள் கயிற்றைத் தொடையில் சுற்றி மாட்டக் கற்றுத்தந்தார்கள். ஓட்டுபவர் தவறி நீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இயந்திரம் அணைந்துவிடும். கவிழ்ந்து கிடப்பவரை நெருங்கும்போது அவர்மேல் படகு தள்ளப்படாமல் எந்தப் பக்கமிருந்து வருவது, ஆளைத் தூக்கும்போது ஏன் இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும் என்பதையெல்லாம் ஒரு பொம்மையை நீரில் மிதக்கவிட்டுப் பதினைந்து முறை செய்யவைத்தார்கள். இரண்டாம் நாள் மாலை வீடு திரும்பியபோது கை இரண்டும் வலித்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நானே பெயர் கொடுத்தேன். இப்போது மாதத்துக்கு இரண்டு முறை போகிறேன், யாரும் கேட்காமலே.

கணவர் முடிவுகளைக் கணினியில் ஏற்றுகிறார். வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாகப் போட்டியிடும்போது, ஒவ்வொரு படகு வகைக்கும் அதன் வேகத்தை ஒட்டித் தரப்படும் போர்ட்ஸ்மவுத் எண்ணைக் கொண்டு நேரத்தைச் சரிக்கட்டும் வேலை அது. கணக்காளரான அவருக்கு அதில் அப்படியொரு மகிழ்ச்சி. ஞாயிறு மாலையே முடிவு வெளியாவதால் கிளப்பில் அவருக்கு நல்ல பெயர். நீர்ப்பக்கம் இன்றுவரை அவர் போனதில்லை.

ஏரிப்படகு அவர்களே, உங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் நீரில் இருக்கும் இரண்டு மணி நேரமும் காருக்குள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். கிளப் என்பது படகு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று அவர்களும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தமிழ்ப் பள்ளியில் அதே பெற்றோர் ஓடி ஓடி வேலை செய்வதற்குக் காரணம், அங்கே நாற்காலியை எங்கே அடுக்குவது என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை என்பதுதான். இங்கே "கயிற்றை எடுங்கள்" என்று சொன்னால்கூட, நான்கு விதக் கயிறுகளில் எதை என்று புரியாமல் விழிக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளோடு நேரடியாகப் பணிபுரிபவர்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்பு தேவைப்படலாம். தன்னார்வலர்களுக்கு அந்தச் சான்றிதழ் கட்டணமில்லாதது. ஆனால் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் திரும்பி வராது. பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து நிரப்புங்கள், பத்து நிமிட வேலைதான்.

---

துறைமுகத்தான் (சென்னை)

நண்பரே, சம்பளத்துக்கு ஆள் வைக்கும் யோசனையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனெனில் நாங்கள் அந்த ஏற்பாட்டிலேயே வாழ்கிறவர்கள்.

சென்னையில் பாய்மரப் படகு விளையாட்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கினார். அந்தக் காலத்தின் வழக்கப்படி, துரைமார் படகில் ஏறி உட்காருவார்கள். படகை நீரில் இறக்குவதும் ஏற்றுவதும் பாய் கட்டுவதும் கடலோரக் குப்பத்து ஆட்களின் வேலை. படகுக் குழுவின் தலைவனைக் குறிக்கும் நம்முடைய "தண்டல்" என்ற சொல்லே அன்றைய ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. துரைமார் போனார்கள், வழக்கம் போகவில்லை. இங்கே பல இடங்களில் உறுப்பினர் வரும்போது படகு பாய் கட்டித் தயாராக நிற்கும். திரும்பி வந்ததும் அப்படியே கயிற்றைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடலாம்.

இதனால் வசதி இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குப் படகைத் தள்ளுவண்டியில் ஏற்றி இழுத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அந்த ஊழியர்களுக்குக் கடலையும் காற்றையும் பற்றித் தெரிந்ததில் கால்பங்கு எனக்குத் தெரியாது. அவர்களுடைய பிழைப்பைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. ஆனால் சம்பளத்துக்கு ஆள் வந்த வேலையை உறுப்பினர் மறுபடி தொடுவதில்லை என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் படகை இழுப்பதை விடுவார்கள். பிறகு கழுவுவதை விடுவார்கள். பத்தாண்டு கழித்து, பாயில் கிழிசல் இருப்பதையே ஊழியர் சொல்லித்தான் தெரிந்துகொள்வார்கள். எனக்கு அது நேர்ந்திருக்கிறது.

இங்கே நிலைமையை ஓரளவு மாற்றியது பிள்ளைகளின் போட்டிகள்தாம். நேத்ரா குமணன், வருண் தக்கர், கே.சி. கணபதி ஆகிய சென்னைக்காரர்கள் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் இறங்கிய பிறகு, தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோர் தாங்களும் நேரம் குறிக்கும் தாளோடு வந்து நிற்கிறார்கள். ஆகவே வாடைக்காற்று அம்மையார் சொன்ன கார் நிறுத்துமிடத்தை நானும் வழிமொழிகிறேன்.

---

ஏரிப்படகு

மூவருக்கும் மிக்க நன்றி. செயற்குழுவில் சம்பள யோசனையை எதிர்த்துப் பேச இப்போது என்னிடம் சரக்கு இருக்கிறது. ஆனால் அபராத யோசனைக்கு ஆதரவு அதிகம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: 22 பேர் மாங்குமாங்கென்று உழைக்க, மற்றவர்கள் வெறும் சந்தாவோடு அனுபவிப்பது முறையா? அக்கம்பக்கத்துக் கிளப்புகள் சிலவற்றில் முறைப்பணி உறுப்பினர் நிபந்தனையாகவே உள்ளது. நாற்பது பவுண்டு கைவிட்டுப் போகும் என்றால் வருவார்கள்தானே?

---

கொண்டல் (மெல்பர்ன்)

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணத்துக்காரன், இப்போது போர்ட் பிலிப் விரிகுடாவில் படகு ஓட்டுகிறேன்.

அபராதத்தைப் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளியலாளர்கள் நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. பிள்ளைகளை மாலையில் அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு, அவற்றில் ஆறு காப்பகங்களில் பத்து ஷெக்கல் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அது ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகியது. அதுவரை "ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறாரே" என்று கூச்சப்பட்ட பெற்றோர், காசு கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஆறுதலாக வரத் தொடங்கினார்கள். அதைவிட மோசமானது பின்னர் நடந்தது. அபராதத்தை எடுத்துவிட்ட பிறகும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. போன கூச்சம் திரும்பி வரவில்லை.

உங்களுடைய நாற்பது பவுண்டும் அப்படித்தான் ஆகும் என்று அஞ்சுகிறேன். ஞாயிற்றுக்கிழமையின் விலை நாற்பது பவுண்டு என்று கிளப்பே அறிவித்துவிட்டால், வசதியுள்ளவர் மகிழ்ச்சியோடு கட்டிவிட்டு வீட்டில் இருப்பார்; வசதியில்லாதவர் மட்டும் வருவார். பிறகு அந்த 22 பேரும் யோசிப்பார்கள், நாம் மட்டும் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும் என்று.

ஆனால் முறைப்பணி உறுப்பினர் நிபந்தனையாக இருப்பது வேறு, அபராதம் வேறு. சேரும்போதே "ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் பங்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லி, எந்த நாள் என்பதை அவரே தேர்ந்துகொள்ள விடுவது நல்ல வழி. முறைப்பட்டியலை இணையத்தில் போட்டு, உறுப்பினர்கள் தங்களுக்குள் நாளை மாற்றிக்கொள்ளவும் நினைவூட்டல் தானாகப் போகவும் உங்கள் நாட்டில் டியூட்டிமேன் என்ற மென்பொருளைப் பல கிளப்புகள் பயன்படுத்துகின்றன. நாள் மாற்றுவதற்கு உங்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியதில்லை என்பதே பாதித் தயக்கத்தைப் போக்கிவிடும்.

எங்கள் ஊரில் சிரமதானம் என்று ஒன்று இருந்தது. இலங்கையில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட வளவைத் துப்புரவு செய்ய, ஒழுங்கையைச் செப்பனிட, ஒரு சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு ஊரே மண்வெட்டியோடு வந்து நிற்கும். பதினொரு மணிக்குத் தேத்தண்ணியும் பணிசும் வரும். மத்தியானத்தோடு முடிந்துவிடும். வெட்டின ஒழுங்கை கண் முன்னாலே கிடக்கும். அதை முழுக்கத் தன்னார்வம் என்று சொல்ல மாட்டேன். வராதவர் யார் என்பது மறுநாள் கோயிலடியில் தெரிந்துவிடும், அந்தப் பயமும் இருந்தது. இங்கே ஆஸ்திரேலியாவில் அதையே வேர்க்கிங் பீ என்கிறார்கள். பருவம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை கிளப்பில் சுவருக்குச் சாயம் அடிப்பது, தள்ளுவண்டிச் சில்லுகளுக்குக் கிரீஸ் போடுவது, மிதவைகளின் கயிறுகளை மாற்றுவது என்று எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று ஒரு வெண்பலகையில் போட்டுவிடுவோம். வேலை முடிய முடிய ஆட்களே வந்து கோடு கிழிப்பார்கள். பகலில் வாட்டின சொசேஜ் ரொட்டிக்குள் வைத்துத் தருவோம். பந்தய அன்று ஒருத்தரையொருத்தர் பெயர் தெரியாமல் கடந்துபோகிறவர்கள், அன்றைக்கு ஒரே ஏணியின் மேலும் கீழும் நிற்பார்கள். அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கேட்பது சுலபம், பெயர் தெரிந்திருக்கும்.

---

வாடைக்காற்று

மறந்துவிட்டேன், இளையவர்களைப் பற்றி ஒரு வரி. பதினான்கு வயது முதல், இளையோருக்கான எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தில் சேரும் பிள்ளைகளுக்குத் தன்னார்வப் பணி கட்டாயப் பகுதி. வெண்கல நிலைக்கே குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். எங்கே செய்வது என்று தெரியாமல் அவர்கள் பழைய பொருள் விற்கும் அறக்கடைகளில் போய் நிற்கிறார்கள். பந்தயக் கூண்டில் உதவியாளராக அமர்த்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கொடி வரிசையை அவர்கள் ஒரே காலையில் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

---

ஏரிப்படகு

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அபராதத் தீர்மானம் ஒரு வாக்கில் தோற்றது. அந்த ஒரு வாக்கு என்னுடையது அன்று, ஊன்றுகோலோடு நின்ற கொமடோருடையது. சராசரிப் புள்ளிக்கான வரி பந்தயக் குறிப்புகளில் சேர்ந்துவிட்டது.

மின்னஞ்சலை விட்டுவிட்டுப் பதினாறு பேரைத் தொலைபேசியில் அழைத்தேன். பதினோரு பேர் உடனே ஒப்புக்கொண்டார்கள். இருவர் மறுத்தார்கள், ஒருவர் இன்னும் திருப்பி அழைக்கவில்லை. மற்ற இருவர் சொன்ன பதில் என்னைத் தூங்கவிடவில்லை: "இத்தனை நாள் என்னை யாரும் கேட்டதே இல்லையே."

அந்தப் பதினோரு பேரில், இரண்டு ஆண்டுகளாக வெள்ளிநிறக் காரைவிட்டு இறங்காத ஒரு தந்தையும் இருந்தார். சென்ற ஞாயிறு அவரை என்னோடு மிதவை போட அழைத்துப் போனேன். எதிர்க்காற்று மிதவையைத் தொடக்கக் கோட்டிலிருந்து நேரே காற்று வரும் திசையில் போட வேண்டும் என்று சொல்லி, நங்கூரத்தை அவர் கையில் கொடுத்தேன். கயிற்றை எவ்வளவு விடுவது என்று கேட்டார். ஆழத்தைவிடக் கூடுதலாக என்று சொல்லி முடிப்பதற்குள் நங்கூரத்தைப் போட்டுவிட்டார். கயிற்றின் மறுமுனை மிதவையில் கட்டப்படவே இல்லை. இருவரும் கயிறு சரசரவென்று ஓடி நீருக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கட்டியிருக்க வேண்டியவன் நான். அவர் முகம் வெளுத்துவிட்டது. பழைய சுக்கான் ஐயாவின் மூதாட்டி சரியாக அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தார். கூண்டை நோக்கிக் கையசைத்தேன். ஒத்திவைப்புக் கொடி ஏறியது, ஹூட்டர் இரண்டு முறை ஒலித்தது, நாங்கள் உதிரி நங்கூரத்தை எடுத்து வந்து போட்டோம். பந்தயம் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. கரைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, அடுத்த முறை முடிச்சைத் தானே போடலாமா, எந்த முடிச்சு என்பது. சாப்பாட்டு மேசையில் அவருக்கு பௌலைன் முடிச்சைக் காட்டிக்கொடுத்தது அவருடைய ஒன்பது வயது மகள்.

ஒரு சிக்கல் மட்டும் புதிதாக முளைத்துள்ளது. எங்கள் மூத்த பந்தய அதிகாரி ஒருவர், புதியவர்கள் கூண்டில் இருக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நின்று, அவர்கள் கைநீட்டுவதற்கு முன்பே கொடிக் கயிற்றை இழுத்துவிடுகிறார். நல்ல மனிதர், இருபது ஆண்டு உழைத்தவர். புண்படுத்தவும் மனம் இல்லை. இப்படியே போனால் வந்தவர்கள் போய்விடுவார்கள்.

---

பழைய சுக்கான்

அவருக்கு வேலை கொடுங்கள் தம்பி, இல்லாவிட்டால் அவர் கொடிக் கயிற்றைத்தான் இழுப்பார். நானே சில ஆண்டுகள் அப்படி இழுத்துக்கொண்டிருந்தவன், ஆகையால் சொல்கிறேன். கூண்டில் இரண்டாவது நாற்காலி ஒன்றைக் கொடிக் கம்பத்துக்கு எட்டாத மூலையில் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் படகுகளின் பாய் எண்களை வரிசையாக எழுதும் தாளை அவர் மடியில் வையுங்கள். கண்ணை எடுக்க முடியாத வேலை அது, கைக்கும் ஓய்வு இருக்காது. புதியவரிடம் தனியாகச் சொல்லுங்கள், தொடங்குவதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்கும்படி. எங்கள் கிளப்பில் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவர்கள் ஒரு பிளாஸ்க் காப்பியும் கொண்டுவந்து வைத்தார்கள். அதை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.